அம்மாவுக்கு வெறும் உப்பு

அத்தியாயம் 12

எகிப்தின் தந்தா நகரத்தில் இன்றைய தேதிக்குப் பொய்யே சொல்லாத ஆள் ஒருவன்தான் இருக்கிறான். அது நான்.

இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகவலாக எடுத்துக்கொண்டால் போதும். வணிகவியல் கல்லூரியில் நான் நடத்தும் சுவர்ப் பத்திரிகைக்காக மூன்று வருடத்தில் ஏழு முறை டீன் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஏழு முறையும், எழுதியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே கிழித்தார்கள். சித்தப்பா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை எப்படி என்று என்னைக் கேட்டார்கள். சொன்னேன். அதன் பிறகு சித்தப்பா வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடையாது. உண்மை பேசுகிறவனுக்குச் சாப்பாடு போடும் வீடுகள் குறைந்துகொண்டேதான் போகும்.

நான் பிறந்த குடும்பம் அப்படிப்பட்டதல்ல.

அப்பா ரஃபத், சவூதியில், ஜுபைலில் ஒரு சிமென்ட் கம்பெனியின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். பத்தொன்பது வருடமாக. வருடத்துக்கு நாற்பது நாள் வீட்டில் இருப்பார். மற்றபடி வியாழக்கிழமைகளில், சூரியன் மறைகிற நேரத்து மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால், ஃபோனில் இருப்பார். அம்மா ஃபோனை எடுத்ததும் சொல்லும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாரும் நல்லா இருக்கோம். உங்களைப் பார்க்காத குறை ஒண்ணுதான்."

வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் இதே வாக்கியம்தான். தூரத்தில் தனியாக இருப்பவன் காதுக்குக் கெட்ட செய்தி போகக்கூடாது. குளியலறைக் கூரை இடிந்து விழுந்தபோது, "வெள்ளையடிக்கிறோம்" என்றாள் அம்மா. பெரிய மாமா நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "ஊருக்குப் போயிருக்கார்." நான் புள்ளியியலில் தோற்றபோது, "ரிசல்ட் இன்னும் வரலை." அந்த ரிசல்ட் இன்றுவரை வரவில்லை. இதில் மட்டும் எனக்கு ஆட்சேபம் இல்லை என்ற உண்மையையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு 'நற்செய்தி அமைச்சகம்' என்று பெயர் வைத்து, சுவர்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் கிண்டலடித்திருந்தேன். அம்மா படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அமைச்சர் களைச்சுப் போயிருக்கார். ஒரு டீ போட்டுக் குடுடா," என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அவள் உண்மையிலேயே களைத்துப் போயிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை மேற்பார்வைக்குப் போன அம்மா பாதியிலேயே திரும்பிவந்து, "ஒண்ணுமில்ல, வெறும் உப்பு" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். போன வாரம் கதையை அந்தக் கதவுக்கு வெளியேதான் நிறுத்தியிருந்தேன். நானும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

உப்பு என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. சிறுநீர் போகும்போது எரிந்தால் உப்பு. அடிக்கடி போனால் உப்பு. போகவேண்டும்போல் இருந்து, போனால் நாலு சொட்டு மட்டும் வந்தால் கெட்டியான உப்பு. பெண்களுக்கு வருகிற இந்த எல்லாவற்றையும் ஆண்கள் காதுபடச் சொல்ல ஒரு கௌரவமான சொல். அதற்கு மருந்தும் கௌரவமானது: பார்லித் தண்ணீர், பார்ஸ்லிக் கீரையை வேகவைத்த தண்ணீர், தண்ணீரில் போட்டால் பொங்கும் பொடி. அதிலும் அடங்காவிட்டால் கூடை.

கூடை என்றால், நாலாம் மாடி அஃபாஃப் அத்தையின் கூடை. கயிற்றில் கட்டி, கீழே ரொட்டிக் கடைக்கு இறக்குவாள். வழியில் மூன்றாம் மாடியில், எங்கள் பால்கனியில், அது நிற்கும். அதில் மாத்திரை வரும். முழு அட்டை வந்ததே கிடையாது. யாரோ தின்றதுபோக மீதி. அம்மாவும் அதில் இரண்டு நாளுக்குத் தின்பாள், எரிச்சல் நிற்கும், மிச்சத்தை அடுத்தவள் கஷ்டத்துக்கு ஆகட்டும் என்று கூடையிலேயே போட்டு அனுப்புவாள். எங்கள் கட்டடத்தில் பெண்களுக்குள் அவ்வளவு ஒற்றுமை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்து பார்த்தேன். ஜூன் மாத வெயிலில் அம்மா குளிர்காலக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். கட்டில் ஆடியது. அவள் நடுங்குவதால்தான் ஆடுகிறது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"ஜன்னலைச் சாத்துடா. காத்து வருது."

காற்றே இல்லை. நெற்றியில் கை வைத்தேன். சட்டென்று எடுத்துவிட்டேன்.

"டாக்டர்கிட்ட போகலாம் வா."

"எதுக்கு? ராத்திரி பார்லித் தண்ணி குடிச்சேன். இறங்கிடும்." வலது கை முதுகின் கீழ்ப்பக்கத்தை, இடுப்புக்கு மேலே, அழுத்திப் பிடித்திருந்தது. "இன்னிக்கு வியாழன். சாயங்காலம் அவர் கூப்பிடுவார். அதுக்குள்ள எழுந்து முகம் கழுவிக்கிட்டாப் போதும்."

சொல்லி முடிப்பதற்குள் வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்.

பால்கனியில் டொக்கென்று சத்தம் கேட்டது. கூடை வந்து இறங்கியிருந்தது.

"பாஸெல் கண்ணு! அம்மாவுக்கு எரிச்சல் நின்னுச்சா?"

அஃபாஃப் அத்தைக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. கீழே ரொட்டிக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோல் தலையை ஆட்டினார்.

"காய்ச்சல் அத்தை. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது."

"உப்புக்குக் காய்ச்சல் வராதே! கூடையில பாரு, நாலு மாத்திரை இருக்கு. என் தங்கச்சிக்குத் தொண்டைக்கு எழுதினது. வெளிநாட்டு மாத்திரை."

"தொண்டைக்கு எழுதினதை எப்படி அத்தை..."

"ரெண்டும் ஈரமான இடம்தானேடா! பெரிய காலேஜு படிக்கிறான், இதுகூடத் தெரியலை."

மாத்திரையைக் கூடையிலேயே விட்டுவிட்டு அம்மாவை எழுப்பினேன். மூன்று மாடியும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கடைசியாக எப்போது அவள் கை என் தோளில் இருந்தது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. டாக்ஸிக்காரரிடம் அவள் பேசியது ஒரே ஒரு வார்த்தை.

"மெதுவா."

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெண் டாக்டர் நிவீனுக்கு நாற்பது வயது இருக்கும். அம்மா என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

"தம்பி, நீங்க அந்தத் திரைக்கு வெளியே உக்காருங்க," என்றார் டாக்டர்.

உட்கார்ந்தேன். திரைச்சீலை பார்வையைத்தான் மறைக்கும். ஒட்டுக்கேட்பது பொய் சொல்வதில் சேராது என்பதால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

"எத்தனை நாளா எரிச்சல்?"

"நாலு நாளா."

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"ரமலானுக்கு முன்னாடி ஒரு தடவை. குளிர்காலத்துல ரெண்டு தடவை. எல்லாருக்கும் வர்றதுதானே. உப்புதானே."

"ஒரு தடவைகூட யாரும் சிறுநீர் டெஸ்ட் எடுக்கச் சொல்லலையா?"

"உப்புக்கு எதுக்கு டாக்டர் டெஸ்ட்டு?"

"உப்பு இல்லைங்க. கிருமி." டாக்டரின் குரல் கோபமாக இல்லை. தினம் பத்துப் பேரிடம் இதையே சொல்கிற குரல். "மூத்திரப் பையில இருக்கும்போது எரியும், அடிக்கடி வரும். அங்கயே பிடிச்சிருந்தா சுலபம். இப்ப அது குழாய் வழியா மேல ஏறிக் கிட்னிக்குப் போயிருக்கு. அதுதான் நடுக்கம், வாந்தி, இந்த முதுகு வலி. இங்க தட்டினா வலிக்குதா?"

அம்மாவின் மூச்சு உள்ளே போய் அங்கேயே நின்றது.

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"மஞ்சள்ல ஒண்ணு. மூணு சாப்பிட்டேன்."

"மீதி?"

"மீதி நாலாம் மாடிக்குப் போயிடுச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"அது வெள்ளை. அது ரெண்டாம் மாடியிலேர்ந்து வந்தது."

"உங்க கட்டடத்துக் கிருமிக்கு இந்நேரம் எல்லா மருந்தையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிஞ்சிருக்கும்," என்றார் டாக்டர். "எரிச்சல் நின்னுட்டா எல்லாம் செத்துடுச்சுன்னு அர்த்தமில்லைம்மா. பாதியில விட்டீங்கன்னா மிஞ்சினது அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கும். ஊசி போடறதுக்கு முன்னாடி சிறுநீர் குடுங்க. முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிங்க. அதை வளர்த்துப் பார்த்தா என்ன கிருமி, எதுக்குச் சாகும்னு ரெண்டு மூணு நாள்ல தெரியும். அதுவரைக்கும் நரம்பு வழியா மருந்து. இங்கயே இருக்கணும்."

"இன்னிக்கு வியாழக்கிழமை டாக்டர்."

"இருக்கட்டும். பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"வீட்டுக்கு வந்து குடிப்பேன்."

"நான் பகல்ல கேட்டேன்."

"காலையில ஆறரைக்கு ஒரு டீ. அப்புறம் மூணு மணிக்கு வந்துதான்."

"ஏன்?"

பதில், வகுப்பில் ஆறுகளின் பெயரைச் சொல்வதுபோல், ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளுக்கு என்று ஒரே கழிப்பறை. போன வருடம் ஓடு பதித்து, புதுக் கண்ணாடி மாட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வரும்போது காட்டுவதற்காக அதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். சாவி தலைமையாசிரியரின் கொத்தில். போக வேண்டுமென்றால், ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குப் போய், எல்லார் முன்னாலும் அவரிடம் சாவி கேட்க வேண்டும். முதல் வாரம் கேட்டாள். இரண்டாவது வாரம் அவர், "திரும்பவுமா, இன்சாஃப் டீச்சர்?" என்றார். யாரோ சிரித்தார்கள். அதிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எவ்வளவு நாளா?"

"ஒன்பது மாசம்."

ஒன்பது மாதம். நாங்கள் இருவர் மட்டுமே இருக்கும் வீடு. இரவில் நாலைந்து முறை அவள் எழுந்து போகும் சத்தம் எனக்குக் கேட்டதுண்டு. வயதாக ஆக அம்மாவுக்குத் தொழுகை கூடிக்கொண்டே போகிறது என்று நினைத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு நகைச்சுவைத் துணுக்குகூட எழுதி வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"வீட்டுல யார் இருக்கா?"

"பையன் இருக்கான்."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவன் படிக்கிறான்."

அதற்குப் பிறகு டாக்டர் குரலைத் தாழ்த்தினார். அடக்கக் கூடாது, வந்ததும் போய்விட வேண்டும். கழுவுவதும் துடைப்பதும் முன்னாலிருந்து பின்னால். வாசனைச் சோப்பு அங்கே வேண்டாம். "மாதவிடாய் நின்னு எத்தனை வருஷம்? நாலா? அதுக்கப்புறம் உள்ள இருக்கற தோல் மெலிஞ்சு வறண்டுபோகும், கிருமி சுலபமா ஒட்டிக்கும். அதுக்குத் தடவற மருந்து இருக்கு, எழுதித் தரேன். இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. உங்க தப்பும் இல்ல."

அம்மா அழுதாள். வலிக்கு அழாதவள், இதற்கு அழுதாள். நான் திரையின் பூக்களை எண்ணத் தொடங்கினேன். ஒரு வரிசைக்குப் பதினொன்று.

பதினோரு மணிக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. அறையில் இரண்டு கட்டில். மற்றது காலி. ஜன்னலுக்கு வெளியே ஒரு மொட்டை மாடியில் புறாக் கூண்டு. யாரோ ஒருவர் கொடியை ஆட்டி ஆட்டிப் புறாக்களை இறங்கவிடாமல் சுற்ற வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு நடுக்கம் நின்றது. காய்ச்சல் நிற்கவில்லை. அது இறங்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்றார் நர்ஸ். ஒரு ஜாடி தண்ணீரை வைத்து, "இது காலியாகணும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளினாள்.

"பழக்கம் விட்டுப்போச்சுடா. இறங்க மாட்டேங்குது."

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"எதை? சாவியையா?" கண்ணை மூடிக்கொண்டாள். "நீ அதை வெச்சு ஏதாவது எழுதுவே. நல்லா எழுதுவே. எல்லாரும் சிரிப்பாங்க."

உண்மை மட்டுமே பேசுகிறவனுக்கு இப்படிப்பட்ட நேரங்களில் பேச எதுவும் கிடைப்பதில்லை.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து சற்று நேரம் ஆனபோது அவளாகப் பேசினாள்.

"இன்னிக்கு அவர் கூப்பிட்டா, நீ சொல்லிடு."

"என்னன்னு?"

"உள்ளதை. ஆஸ்பத்திரியில இருக்கேன்னு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்தொன்பது வருட அமைச்சகம், ஒரு மருந்துப் பாட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு ராஜினாமா செய்தது.

"நிஜமாவா?"

"நான் சொன்னா என் வாயில அந்த வழக்கமான பேச்சுதான் வரும். நீ சொல்லு. உனக்குத்தான் அது வருமே." காய்ச்சலில் அவள் கண்கள் சின்னப் பெண்ணின் கண்கள்போல் பளபளத்தன. "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லி அவரும் நம்பிட்டார்டா. என்னை நினைச்சு ஒருத்தர் ஒரு ராத்திரி தூங்காம இருந்தா என்ன? வரச் சொல்லலை. வந்தா... வந்தா நல்லாத்தான் இருக்கும்."

"சொல்றேன்மா."

"சத்தியமா?"

"நான் என்னிக்கும்மா பொய் சொல்லியிருக்கேன்?"

அவள் அதை நம்பித் தூங்கிப்போனாள்.

மஃரிப் பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. முகம் தெரியும் அழைப்பு. கேமராவை அணைத்துவிட்டு எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன்.

"என்ன பாஸெல் பாஷா! அம்மா ஃபோன் உன் கையில? கேமராவைப் போடு."

"நெட் சரியில்லப்பா." நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

"சரி, அம்மாவைக் கூப்பிடு, அவசரம். முலூகியாக் கீரைச் சூப் வெச்சிருக்கேன். பூண்டு எப்ப இறக்கணும்னு கேக்கணும். போன வாரம் கருக்கிட்டேன், கரியைக் குடிச்ச மாதிரி இருந்தது." எண்ணெய் சடசடவென்று பொரியும் சத்தம் கேட்டது.

"அம்மா தொழுதுட்டு இருக்காங்க."

"இன்னும் பாங்கே சொல்லலியே அங்க?"

"முன்கூட்டியே ஆரம்பிச்சுட்டாங்க."

அப்பா சிரித்தார். "அவ அப்படித்தான். சரி, நானே பாத்துக்கறேன்."

"யாரோட சாப்பிடறீங்கப்பா?"

"யாரோட? ரூம்ல கூட இருந்த மன்சூரா ஊர்க்காரன் லீவுல போய் ஒன்பது நாளாச்சு. அவன் கட்டில் மேல வெங்காயத்தைப் பரப்பி வெச்சிருக்கேன். காலியாக் கிடந்தா பாக்க என்னவோ மாதிரி இருக்கு. நேத்து கிடங்கும் லீவு. காலையிலேர்ந்து யார்கிட்டயும் பேசலையா, சாயங்காலம் கடைக்குப் போய் ரொட்டி கேட்டா, எனக்குக் குரலே வரலை. கடைக்காரன் என்ன நினைச்சானோ!" மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் தனியாகவே ஓடியது. பிறகு அடுப்பை அணைக்கும் சத்தம். "சொல்லு. அங்க எல்லாரும் எப்படி?"

என்னிடம் மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. மத்தியானம் முழுக்கச் செதுக்கியவை. அம்மாவுக்குக் கிட்னியில் கிருமி. பயப்பட ஒன்றுமில்லை, மருந்து ஏறுகிறது. அவள் உங்களை எதிர்பார்க்கிறாள். மூன்றும் உண்மை. மூன்றும் சின்ன வாக்கியங்கள். வெங்காயம் பரப்பிய அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் நின்று கேட்கப் போகிறார். கேட்டுவிட்டு, இன்று இரவு முழுவதும் அந்த அறையில் இருக்கப் போகிறார்.

"எல்லாரும் நல்லா இருக்கோம்ப்பா," என்றேன். "உங்களைப் பார்க்காத குறை ஒண்ணுதான்."

"அல்ஹம்துலில்லாஹ்." பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. "இது போதும்டா. இதை வெச்சு ஒரு வாரம் ஓட்டிடுவேன்."

ஃபோனைப் பைக்குள் வைத்துத் திரும்பினேன். அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. எப்போது திறந்தன என்று தெரியவில்லை.

"அவரா?"

"ஆமா."

"சொன்னியா?"

வெளியே பாங்கு ஆரம்பித்தது. அது முடியும்வரை அவள் கேட்ட கேள்வியோடு காத்திருந்தாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

அவள் முகத்தைப் பார்க்காமல் ஜாடியை எடுத்துத் தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

"லீவு கேட்டுப் பாக்கறேன்னார்."

அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். ஊசி குத்தாத கையை நீட்டித் தம்ளரை வாங்கி, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு காலித் தம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்துடா," என்றாள்.

ஊற்றினேன்.